பச்சை பீரோவும் நாலாவது கேள்வியும்

போன மாதம் செந்தில் போன் செய்தான். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். நாமக்கல்காரன், முப்பதைத் தாண்டியவன், மரியாதை தெரிந்தவன். மரியாதை தெரிந்தவர்கள் போன் செய்தால் எனக்கு முதலில் வருகிற நினைப்பு, இவனுக்கு என்ன வேண்டும் என்பதுதான்.

"சார், பரிசுப் பொருள் ஃபாரத்தை எல்லாம் இப்ப ஆப்புல ஏத்தச் சொல்லிட்டாங்க. பழைய ஃபாரத்துல மூணு கேள்விதானே இருந்துச்சு? இப்ப நாலு இருக்கு. நாலாவதை யாரு சேர்த்தாங்க, எதுக்குன்னு புது மேனேஜர் கேக்குறாரு. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாதப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி கோமதி தலையைத் தூக்காமலே, "ஏன் தெரியாது? நல்லாத் தெரியுமே" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் சுந்தரராஜன். சொந்த ஊர் மதுரை. டைப்பிங் படித்துவிட்டு சவூதியில் அல் கோபாரில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் சேர்ந்தேன். பிறகு குவைத்தில் ஃபர்வானியாவில் ஆறு பேர் இருந்த அறையில் கொஞ்ச காலம். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றே ஒன்று கற்றுக்கொண்டேன். கோபாரில் ஒரு சூப்பர்வைசர் எனக்குப் பிறந்த நாள் கேக் வாங்கிக் கொடுத்தார். அடுத்த நாளே நான் பார்க்காத சரக்குக்கு நான் பார்த்ததாகக் கையெழுத்து வாங்கினார். அன்று பிடித்த சந்தேகப் புத்தி இன்றுவரை போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பாயசம் கொடுத்தால்கூட, எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பேன். கோமதி தலையில் அடித்துக்கொள்வாள்.

அதன் பிறகுதான் ஷார்ஜாவில் ரோலாவுக்கு வந்தேன். வேலை துபாயில். நெதர்லாந்தின் மாகாணம் ஒன்று அங்கே ஒரு வர்த்தக அலுவலகம் வைத்திருந்தது. மூன்று அறை, ஐந்து பேர். மாகாணத்திலிருந்து தூதுக்குழு வந்தால் விசா, வண்டி, ஓட்டல், யாரை எப்போது பார்ப்பது என்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்வது என் வேலை. பீட்டர் என்ற டச்சுக்காரர் மேனேஜர். நல்ல மனிதர், பிரச்சினை என்றால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

அந்தத் தூதுக்குழுக்களுக்குத் தலைமை தாங்கி வந்தவர்தான் மர்லேன். நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் ஊரில் மாகாணத்துக்கு ஒரு சபை உண்டு. ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. அந்தச் சபை நிர்வாகத்துக்கு நாலைந்து பேரை நியமிக்கும். மாகாண அமைச்சர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடம் மாட்டுப்பண்ணைக்காரர் மகள். ஊர்ச் சபையில் உறுப்பினராக ஆரம்பித்து, மாகாண சபைக்கு வந்து, தொழிலும் தண்ணீரும் கவனிக்கிற அமைச்சர் ஆனவர். அடுத்தது தலைநகரில் பெரிய பதவி என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. அமைச்சர் தப்புச் செய்தால்கூட மன்னிப்பார்கள். சபையில் எழுந்து நின்று உண்மைக்கு மாறாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், தெரியாமல் சொன்னாலும் சரி, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதைப் பீட்டர் எனக்கு முதல் வருஷமே சொன்னார். நான் நம்பவில்லை. அப்படி ஒரு சட்டம் இருந்தால் எந்த ஊரில் யார் பதவியில் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடத்தையும் நான் நம்பவில்லை. முதல் தடவை வந்தபோது விமானத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்து, பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார். நான் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. நடிப்பு என்று முடிவு கட்டினேன். போட்டோ எடுக்க யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அப்படியானால் எனக்காக நடிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஓட்டல் ரிசப்ஷனில் பாபு என்று ஒரு மலையாளி நண்பன் இருந்தான். இந்த அம்மாவைக் கொஞ்சம் கவனி என்று சொல்லி வைத்தேன். அறைக்கு யார் வருகிறார்கள், என்ன பொட்டலம் வருகிறது, எல்லாம். மூன்று நாள் கழித்து அவன் சொன்னது, அந்த அம்மா சட்டையைத் தானே துவைத்துக் குளியலறையில் காயப் போடுகிறார் என்பது. ஒரு ஆள் இவ்வளவு சுத்தமாக இருந்தால் எதையோ பெரிதாக மறைக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

வேடிக்கை என்னவென்றால், அவரும் என்னை மாதிரித்தான். யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால் உடனே குட்டி நோட்டை எடுப்பார். மூன்று கேள்வி. யார் கொடுக்கிறார்கள்? ஏன் கொடுக்கிறார்கள்? பதிலுக்கு என்ன கேட்பார்கள்? குரலை உயர்த்தவே மாட்டார். பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பதில் வரும்வரை ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய பெரிய கம்பெனி முதலாளிகள் அந்தப் பார்வைக்கு நெளிவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உள்ளுக்குள் குஷியாக இருக்கும். அந்த மூன்று கேள்வியையும் ஃபாரமாக அடித்துத் தரச் சொன்னார். நான்தான் அடித்தேன்.

பரிசுக்கு முறை இதுதான். பேரீச்சம்பழம், இனிப்பு மாதிரி தின்கிற பொருள் வந்தால் அலுவலக மேசையில் வைத்து எல்லாரும் சாப்பிடுவது. மற்றதெல்லாம் வந்த அன்றே திரும்பிப் போக வேண்டும். ஃபாரத்தில் மூன்று கேள்விக்கும் பதில் எழுதி, கீழே 'திருப்பிக் கொடுக்கப்பட்டது' என்ற கட்டத்தில் நான் டிக் அடிக்க வேண்டும். மேடம் கையெழுத்துப் போட்ட நன்றிக் கடிதத்தோடு பொருளை நானே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் தடவை ஷார்ஜாவில் ஒரு பெரிய குடும்பத்துக் கம்பெனிக்கு அகில் கட்டைப் பெட்டி ஒன்றைத் திருப்பிக் கொண்டுபோனேன். வாசலறையில் இருந்த சூடான் நாட்டுக் காரியதரிசி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐப்" என்றார். வெட்கக்கேடு என்று அர்த்தம். பெட்டியைத் தொடவில்லை. டீ வரவில்லை. மறுநாள் நடக்க வேண்டிய சந்திப்பு ரத்து. பிறகு ஒரு மாதம் அந்த அலுவலகத்தில் எங்கள் போனை எடுக்கவில்லை. கொடுத்ததைத் திருப்பினால் முகத்தில் அடித்த மாதிரி என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும், அந்த ஃபாரத்துக்குத்தான் தெரியாது. பீட்டரிடம் சொன்னேன். "சுந்தர், நீயே ஏதாவது பார்த்துச் செய்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பார்த்துச் செய்தேன். ஃபைல் அறையில் ஒரு பச்சை இரும்பு பீரோ இருந்தது. அந்த அகில் பெட்டி அதற்குள் போனது. ஃபாரத்தில் திருப்பிக் கொடுத்ததாக டிக். கொடுத்தவருக்கு, அமைச்சர் மிக்க மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார் என்று அலுவலக முத்திரையோடு ஒரு கடிதம். 'அமைச்சருக்காக' என்று போட்டு ஒரு கிறுக்கல் கையெழுத்து. மேடம் கையெழுத்துப் போட்ட கடிதமும் பீரோவுக்குள். அங்கே அவர்களுக்கும் திருப்தி, இங்கே இவர்களுக்கும் திருப்தி. பதினோரு வருஷம் இப்படியே ஓடியது. சாவி என் அரைஞாணில் இருக்கும். அதிலிருந்து ஒரு துரும்பைக்கூட நான் எடுத்ததில்லை. நீங்கள் நம்ப மாட்டீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

இனி அந்த முத்து விஷயம்.

அபு காலித் என்பவர் கண்ணாடிக்கூடத்தில் தக்காளி, வெள்ளரி வளர்க்கிற திட்டத்தில் மாகாணத்துக் கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்திருந்தார். வயதானவர், வாய் நிறையச் சிரிப்பு. மேடத்தைத் தன் வீட்டு மஜ்லிஸுக்கு, விருந்தாளிகளை உட்காரவைக்கிற கூடத்துக்கு, அழைத்தார். அவருடைய தாத்தா கடலில் மூழ்கி முத்தெடுத்தவர். அந்தக் காலத்து முத்துகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார். அதில் சட்டையில் குத்திக்கொள்கிற ஒரு முத்து ப்ரூச். மேடம் குனிந்து பார்த்து, "எவ்வளவு அழகாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். எனக்குத் திக்கென்றது. விருந்தாளி ஒரு பொருளை அவ்வளவு ஆசையாகப் புகழ்ந்தால் அது விருந்தாளிக்குத்தான் என்று நினைக்கிற வீடுகள் இங்கே உண்டு. வண்டியில் வரும்போது சொன்னேன். மேடம் முகம் சுருங்கிவிட்டது. சாயங்காலம் அபு காலித்தின் டிரைவர் சின்ன நீலப் பெட்டியைக் கொண்டுவந்து ஓட்டலில் கொடுத்தார்.

மேடம் அங்கேயே உட்கார்ந்து ஃபாரத்தை நிரப்பினார். கடிதத்தை மூன்று தடவை திருத்தினார், கிழவர் மனசு நோகக்கூடாது என்று. பெட்டியை என் கையில் வைத்து, "இதை நீங்களே நேரில் கொடுங்கள், சுந்தர்" என்றார். சரி மேடம் என்றேன். நீலப் பெட்டி பீரோவுக்குள் போனது.

ஆறு மாதம் கழித்து மேடத்தின் ஊர்ப் பத்திரிகை நிருபர் ஒருத்தர் அந்தத் தக்காளித் திட்டத்தைப் பற்றி எழுத இங்கே வந்தார். மாகாணம் அதற்கு உதவித்தொகை கொடுத்திருந்தது. அபு காலித் அவரையும் உபசரித்து, மர்லேன் எங்கள் வீட்டுப் பெண் மாதிரி, என் தாத்தாவின் முத்தை வாங்கிக்கொண்டார் என்று பெருமையாகச் சொன்னார். அவர் சொன்னது நல்ல எண்ணத்தில்தான். அங்கே பத்திரிகையில் வந்த செய்தி வேறு மாதிரி இருந்தது. போதாக்குறைக்கு மேடம் சபையில் முத்து ப்ரூச் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பழைய படத்தையும் போட்டார்கள்.

அது அவருடைய அம்மாவின் ப்ரூச். அபு காலித் கொடுத்தது இல்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் கொடுத்த ப்ரூச் என் பீரோவில் இருந்தது. இருந்தும், படத்தைப் பார்த்தவுடன் நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து போய் பீரோவைத் திறந்து பார்த்தேன். எப்படியோ எடுத்துவிட்டாரோ என்று. நீலப் பெட்டி அதே இடத்தில் இருந்தது. அந்த அம்மாவைச் சந்தேகிக்கவே வழியில்லாத ஒரே ஆள் உலகத்தில் நான்தான். நானே சந்தேகப்பட்டேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு மேடம் போன் செய்தார். அன்று பிற்பகல் சபையில் அவர் பதில் சொல்ல வேண்டும். பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது. என்னிடம் மட்டும் மூன்று கேள்வி கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"சுந்தர், நீங்கள் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள், இல்லையா?"

அந்த ஒரு நிமிஷம் என் மனதில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். இல்லை என்று சொன்னால் இந்த அம்மா சபையில் எழுந்து என் பெயரைச் சொல்வார். துபாயில் ஒரு குமாஸ்தா செய்த தில்லுமுல்லு என்பார். அவர் தப்பித்துக்கொள்வார், என் வேலை போகும், வேலை போனால் விசா போகும். மகள் அகிலா அப்போது பிளஸ் டூ. எல்லா மேலதிகாரியும் அப்படித்தான் செய்வார்கள், கேக் வாங்கிக் கொடுத்த சூப்பர்வைசர் மாதிரி. இப்படி நினைத்தேன்.

"கொடுத்துவிட்டேன், மேடம்" என்றேன்.

சபை நடப்பதை இணையத்தில் காட்டுவார்கள். பீட்டர் தன் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு எனக்குத் துண்டு துண்டாக ஆங்கிலத்தில் சொன்னார். மேடம் எழுந்து நின்றார். பொருள் திருப்பிக் கொடுக்கப்பட்டது என்றார். ஆதாரம் என்ன என்று எதிர்க்கட்சிக்காரர் கேட்டார். "எங்கள் ஆள் தன் கையால் கொடுத்தார். அவரை எனக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும்" என்றார். பீட்டர் அதை மொழிபெயர்த்துவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு அன்றைக்கே எல்லாம் தெரியும் என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு.

இரண்டு நாளில் நிருபர் மறுபடி அபு காலித்திடம் போனார். கிழவருக்குக் கோபம். நான் பொய் சொல்கிறேனா என்று ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். எங்கள் முத்திரை, மிக்க மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார், அமைச்சருக்காக, கிறுக்கல் கையெழுத்து. அது பத்திரிகையில் வந்தது.

முத்தை வாங்கினாரா இல்லையா என்ற பேச்சே அதற்குப் பிறகு முக்கியமில்லாமல் போயிற்று. சபையில் உண்மைக்கு மாறாகச் சொன்னார் என்பதுதான் பேச்சு. சொந்தக் கட்சிக்காரர்களே ஒதுங்கினார்கள். மேடம் ராஜினாமா செய்தார். கடைசிப் பேச்சில், அந்த அலுவலகம் என் பொறுப்பில் இருக்கிறது, அங்கே நடந்த தவறு என்னுடையது என்று மட்டும் சொன்னாராம். யார் பெயரும் இல்லை. அவரே போய்விட்டதால் விசாரணையும் நடக்கவில்லை. பீட்டர் ஃபைல் அறை வாசலில் நின்று பச்சை பீரோவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கலாஸ், சுந்தர்" என்று சொல்லிப் போனார். முடிந்தது என்று அர்த்தம்.

கோமதியிடம் அன்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அந்தம்மா உங்க பேரைச் சொல்லல பாருங்க" என்றாள். அவ்வளவுதான். அதைவிட நாலு அறை விட்டிருக்கலாம். எனக்கு அவமானமாக இருந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. நாலு வருஷம் திறக்கவில்லை. அந்த ஊர் ஜனங்கள் அத்தனை பேரும் மேடம் முத்தை அமுக்கிக்கொண்டார் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது மேடத்திடமிருந்து மெயில் வந்தது. விமானம் மாறுகிற வழியில் ஒரு பகல் முழுக்க இங்கே இருக்கிறாராம், டீ குடிக்கலாமா என்று. பையில் ரெக்கார்டர் வைத்திருப்பார் என்று கோமதியிடம் சொன்னேன். "வச்சிருக்கட்டும். உண்மையைப் பேசினா ரெக்கார்டருக்கு என்ன பயம்?" என்றாள். சாப்பாட்டுப் பையில் நீலப் பெட்டியையும் அந்தப் பழைய ஃபாரத்தையும் வைத்துக்கொண்டு போனேன். எடுத்துக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யவில்லை.

ரோலாவில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மலபார் கஃபெட்டேரியா. மேடம் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க வெள்ளை. அதே குட்டி நோட்டு. டீ வந்தது. மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டார். இங்கேயே ஒரு வங்கியில் வேலை என்றேன். பிறகு பேனா மூடியைப் பல்லில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சுந்தர், அது இப்போது எங்கே இருக்கிறது?"

யார் என்று கேட்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. "நீங்கள் அதை எடுத்திருக்க மாட்டீர்கள். கொடுக்கவும் இல்லை. அப்படியானால் எங்கேயோ இருக்க வேண்டும். நாலு வருஷமாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

பையிலிருந்து நீலப் பெட்டியை எடுத்து டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். பீரோ கதை முழுவதையும் சொன்னேன். அகில் பெட்டியிலிருந்து. முடித்ததும், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். என் பெயரைச் சொல்லி நீங்கள் தப்பித்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன், மேடம் என்றேன்.

"பொருள் எங்கள் பீரோவில்தான் இருக்கிறது, அலுவலகத்தில் ஒரு குழப்பம் என்று சொல்லியிருப்பேன். சபையில் சிரித்திருப்பார்கள். அவ்வளவுதான்" என்றார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "நான் எல்லாரையும் சந்தேகப்பட்டேன், சுந்தர். உங்களை மட்டும் சந்தேகப்படவில்லை" என்றார்.

அவர் பெட்டியைத் தொடவில்லை. ஃபாரத்தை எடுத்தார். 'திருப்பிக் கொடுக்கப்பட்டது' என்ற கட்டத்தில் இருந்த என் டிக்கின் மேல் குறுக்கே கோடு போட்டார். கீழே, பொருள் எங்கே இருந்தது என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடச் சொல்லி என் பக்கம் தள்ளினார். அவர்கள் ஊரில் மடை, கரை, கால்வாய் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு தண்ணீர் சபை உண்டாம், அதற்கும் தேர்தல் உண்டாம். அதில் நிற்கப் போகிறேன், இந்தப் பெயரோடு நிற்க முடியாது என்றார்.

அப்போதும் என் புத்தி போகவில்லை. "இதை யாரிடம் கொடுப்பீர்கள்? ஏன்? பதிலுக்கு எனக்கு என்ன ஆகும்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது அவருடைய மூன்று கேள்வி என்று உறைத்தது. மேடம் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "மாகாண சபையில் கொடுப்பேன். உண்மை என்பதால் கொடுப்பேன். உங்கள் வேலை போகலாம்" என்றார். ஒளிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

முத்து அபு காலித்துடையது, அதை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனார். மறுவாரம் போனேன். கிழவர் இறந்துபோயிருந்தார். அவர் மகன் பெட்டியைத் திறந்து பார்த்தார். 'ஐப்' என்று சொல்லவில்லை. உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுத்தார். இவ்வளவு சுலபமாகவா என்று எனக்கு அதிலும் ஒரு சந்தேகம்.

மேடம் தண்ணீர் சபையில் ஜெயித்தார். பெரிய பதவி இல்லை. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு மடைக்குப் பக்கத்தில் நிற்கிற படத்தை எனக்கு அனுப்பினார். சட்டையில் அம்மாவின் ப்ரூச்.

அந்த ஃபாரம் மாகாண சபையில் வாசிக்கப்பட்ட அடுத்த மாதம் பீட்டர் என்னை உள்ளே கூப்பிட்டு, பீரோ சாவியை மேசையில் வைக்கச் சொன்னார். சில மாதம் முன்கூட்டியே நான் விருப்ப ஓய்வு வாங்கியதாகத்தான் செந்தில் முதல் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அகிலாவின் விசாவில் இருக்கிறேன். என் மகள்தான் எனக்குக் கஃபீல், விசாவுக்குப் பொறுப்பு நிற்கிறவள்.

செந்தில், அந்த நாலாவது கேள்வியைச் சேர்த்தது மாகாண சபை. எழுதிக் கொடுத்தது மர்லேன் மேடம், ரோலா கஃபெட்டேரியாவில் என்னிடம் கேட்ட அதே வார்த்தைகளில். பொருள் இப்போது எங்கே இருக்கிறது? காரணம் நான்தான். தெரியாது என்று உன்னிடம் சொன்னது பொய். உன் மேனேஜரிடம் என் பெயரோடு சொல்.